என் பர்மாக்காரர் அத்தை மகனான கதை

ஆரம்பாக்கத்து டெண்ட் கொட்டகையில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பு உயரத்தில் ஒரு மண்சுவர் ஓடுகிறது. இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் அந்தச் சுவர் எனக்குப் பழகவில்லை. வீட்டிலிருந்து ஒன்றாக நடந்து வருகிற நானும் என் வீட்டுக்காரரும் வாசலில் பிரிந்துவிடுவோம். அவர் அந்தப் பக்கம் பீடிப் புகைக்குள் போவார், நான் இந்தப் பக்கம் குழந்தைகளின் மூத்திர வாடைக்குள் போவேன். பிறகு ஆளுக்கொரு பக்கம் மணலில் உட்கார்ந்து, திரையில் இரண்டு பேர் கட்டிப்பிடித்துக் காதலிப்பதைப் பார்ப்போம். ரங்கூனில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டு படம் பார்த்தவர்கள். இங்கே முதல் தடவை போனபோது, தெரியாமல் அவர் பின்னாலேயே ஆண்கள் பக்கம் போய்விட்டேன். டிக்கெட் கிழிப்பவர் கையை நீட்டி மறித்தார். "யம்மா, பொம்பளைங்க இந்தாண்ட." நான் இவரோடு வந்தேன் என்றேன். "எல்லாரும் யாரோடயாவதுதான் வராங்க, அதுக்கு இன்னா இப்போ" என்றார்.

ரங்கூனிலேயே தங்கிவிட்டவர்களும், என்னைப்போலக் கப்பலேறி வந்து கிடைத்த இடத்தில் குந்திக்கொண்டவர்களும் இதைப் படிப்பீர்கள். நமக்குத் தாயகம் திரும்பியோர் என்று பெயர். நான் பிறந்தது ரங்கூனில், பசண்டாங் சந்தைக்குப் பின்னால் ஒரு மரவீட்டில். ஆரம்பாக்கத்தைக் கண்ணால் பார்த்ததே இருபது வயதுக்கு மேல்தான். முன்பின் காணாத ஊருக்கு ஒருத்தி எப்படித் திரும்ப முடியும் என்று யாரிடம் கேட்பது. ஆனால் நான் எழுத வந்தது அரசாங்கத்தைப் பற்றி அல்ல, சினிமாவைப் பற்றி. நாடு விட்டு நாடு காதலிக்கிறவர்களை வைத்துப் படம் எடுக்கிறார்களே, அந்தப் படங்களைப் பற்றி. அப்படி ஒரு படத்தின் கதை எங்கள் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாரை தப்பட்டையோடு வண்டி வரும், இதுவரை தமிழ்த்திரை காணாத புத்தம்புதிய கதை என்று நோட்டீஸ் பறக்கும். கதாநாயகன் வெளிநாடு போவான். அட்டையில் வெட்டிய கோபுரம் பின்னால் தெரிந்தால் ஜப்பான், மேலேயிருந்து பஞ்சைக் கொட்டினால் லண்டன். அங்கே ஒரு பெண் இருப்பாள். நம் மெட்ராஸ் நடிகையே செம்பட்டை முடியை ஒட்டிக்கொண்டு வருவாள். ஜப்பான்காரி, வெள்ளைக்காரி, பர்மாக்காரி எல்லோரும் ஒரே மாதிரிதான் தமிழைக் கடித்துப் பேசுவார்கள். முட்டி தெரியக் கவுன் போட்டுக்கொண்டு சிகரெட் பிடிப்பாள். கதாநாயகன் ஒரு பாட்டில் அவளுக்குக் கற்பு என்றால் என்னவென்று விளக்குவான். இடைவேளையில் நாம் முறுக்கைத் தின்று முடிப்பதற்குள் அவள் புடவைக்கு வந்திருப்பாள். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டே வழி. நெற்றியில் பொட்டோடு மாமியார் காலில் விழுந்து, நீதானம்மா உண்மையான தமிழச்சி என்று பெயர் வாங்கலாம். இல்லையென்றால் கதாநாயகன் மேல் பாய வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு, அவன் கையையும் அவன் மாமன் மகள் கையையும் சேர்த்துவைத்துவிட்டுச் சாகலாம். கதாநாயகன் மட்டும் போன மாதிரியே திரும்பி வருவான். அந்த நாட்டு பாஷையில் அவன் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. அந்த ஊர்ச் சோறு வாயில் வைக்க விளங்கவில்லை என்பதையும் பெருமையாகச் சொல்வான். பெண்கள் பக்கம் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்கும். எனக்கு மட்டும் வயிறு எரியும்.

பர்மாப் படம் மட்டும் யோக்கியம் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் பர்மிய வாலிபன் மலைக்குப் போவான், ஷான் பெண்ணைக் கூட்டிவருவான், அவள் சமவெளிப் பெண்ணைப்போலக் கொண்டை போடக் கற்றுக்கொள்வாள், எல்லோரும் மகிழ்வார்கள். ஆனால் ஒரு பர்மியப் பெண் நம் ஆள் ஒருவனை, அவர்கள் வாயில் சொன்னால் கலாவை, காதலித்துவிட்டால் அவள் கதை ஏரியில் விழுந்துதான் முடியும். எந்த நாட்டுப் படமானாலும் ஆண் போய் எடுத்து வருகிறான், பெண் இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு வருகிறாள். பெண் போய் ஒருவனை எடுத்து வந்தால் கதை எழுதுகிறவர்களுக்குக் கை ஓடுவதில்லை.

அந்த மலைப்பெண்ணாக நானும் இருந்திருக்கிறேன். என் கணவர் பெயர் கோ தெய்ன். என் அப்பா காவல்காரராக இருந்த அரிசி மில்லில் பிட்டர். பெரியவர்கள் முன்னால் ஒரே கிண்ணத்தில் இருவரும் சோறு எடுத்துச் சாப்பிட்டோம், அங்கே அதுதான் கல்யாணம். அவருடைய அம்மா டோ டின் சந்தையில் சுரைக்காய் பஜ்ஜி சுட்டு விற்பவள். தகப்பன் இல்லாத பிள்ளையை எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தே வளர்த்தவள். எனக்கு அவள் மா சந்தா என்று பெயர் வைத்தாள். புடவையை மடித்துப் பெட்டியில் போடச் சொல்லி, தமெய்ன் என்கிற பர்மியக் கைலியைக் கட்டிவிட்டு, கன்னத்தில் தனகாப் பட்டை அரைத்த சாந்தைத் தன் கையாலேயே குழைத்துப் பூசினாள். எனக்கு மனதுக்குள் கசந்தது, ஆனாலும் கட்டிக்கொண்டேன். கொடுமைக்காரி என்று அவளைச் சொல்ல மாட்டேன். சந்தையில் எவளாவது என்னைக் கலா என்றால் எண்ணெய்க் கரண்டியோடு எழுந்துவிடுவாள். கடையின் கல்லாப்பெட்டியை என்னிடம்தான் கொடுத்துவைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோ தெய்ன் வாழைத்தண்டும் மீனும் போட்டு, சேமியாவில் ஊற்றிச் சாப்பிடுகிற மொஹிங்கா கிண்டுவார், நானும் மாமியாரும் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிடுவோம்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். கடைகளையும் மில்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது, நம்மவர்களைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். என் கையில் இருந்தது அந்நியர் அட்டை. அப்பா அம்மா இருவரும் அந்த மண்ணிலேயே போய்விட்டார்கள், எனக்கென்று இருந்தது ஆரம்பாக்கத்தில் அப்பாவின் தங்கை ஒருத்திதான். கோ தெய்ன் வரவேண்டிய கட்டாயமே இல்லை. ஏறினால் திரும்ப முடியாது என்று சொல்லித்தான் ஏற்றினார்கள், தெரிந்தேதான் ஏறினார். எனக்காக ஒரு ஆண்பிள்ளை வீட்டையும் பெற்ற தாயையும் விட்டுக் கடல் தாண்டி வந்தார். இதை எந்தக் கொட்டகையிலும் நான் பார்த்ததில்லை. கப்பல்துறையில் டோ டின் மகனிடம் எதுவும் பேசவில்லை. என் கையைப் பிடித்து, "இவனுக்குக் காரம் ஆகாது, பார்த்துப் போடு" என்று மட்டும் சொன்னாள்.

அத்தையின் பெயர் கன்னியம்மா. அவளும் ஒரு காலத்தில் ரங்கூனில் வாழ்ந்தவள்தான். ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் புருஷனோடும் பிள்ளையோடும் கால்நடையாகக் கிளம்பியவள். புருஷன் வழியில் வாந்திபேதியில் போனான். முருகேசன் என்ற மூன்று வயதுப் பிள்ளை ஒரு ஆற்றைக் கடக்கும்போது கூட்டத்தில் கைநழுவிப் போனது. ஒண்டியாக ஊர் வந்து சேர்ந்து, அன்றிலிருந்து அறுப்புக்கும் நடவுக்கும் போய்ப் பிழைத்தாள். அழாமல் எங்களை உள்ளே கூப்பிட்டாள், இருந்த சோற்றை மூன்றாகப் பங்கு போட்டாள். அந்தச் சோற்றை நான் மறக்கவில்லை. அத்தை மேல் எனக்குள்ள கோபத்தையும் அந்தச் சோற்றையும் சேர்த்தேதான் வைத்திருக்கிறேன்.

ஊர் அவ்வளவு சுலபமாக விடவில்லை. அடுத்த வீட்டு நாகம்மா, அரிசி மில் மேஸ்திரியின் பெண்சாதி, நாங்கள் வந்த மறுநாளே கேட்டாள். "ஊட்டுக்காரரு இன்னா ஆளுங்க?" பர்மாக்காரர் என்றேன். "அது மூஞ்சப் பாத்தாலே தெரியுது. அதுல இன்னா ஆளுங்க?" அதில் ஆளுங்க எல்லாம் இல்லை, பர்மாக்காரர் என்றால் பர்மாக்காரர்தான் என்றேன். அவள் நம்பவில்லை, நான் எதையோ மறைக்கிறேன் என்றே நினைத்தாள். ஜாதி இல்லாத மனிதன் இருக்கமுடியும் என்பதே அவளுக்குப் புரியவில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் அவரை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் தனியாக உட்காரவைத்தார்கள். மில்லில் வேலை கேட்டால் பார்க்கலாம் என்றார்கள். கிணற்றடியில் என் முதுகுக்குப் பின்னால் சப்பான்காரி என்றார்கள். நாகம்மா கெட்டவள் இல்லை, மனதில் பட்டதைப் பேசுகிறவள். ஒருநாள் சொன்னாள், "ஆம்பள இட்டுக்கினு வந்தா அவ மருமவ. பொம்பள இட்டுக்கினு வந்தா அவன் யாரு? அதுக்குப் பேரே இல்லியே."

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படம் வந்தது. தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் மகள் ஒரு வெளிநாட்டு டாக்டரைக் காதலிக்கிறாள். அட, ஒரு பெண் காதலிக்கிறாளே என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஊரார் கல்லால் அடிக்கிறார்கள், அப்பா தூக்குக் கயிறை எடுக்கிறார். கடைசி ரீலில் ஒரு கிழவி டாக்டரின் மார்பில் இருக்கும் மச்சத்தைப் பார்த்து மயங்கி விழுகிறாள். அவன் கப்பல் கவிழ்ந்தபோது அவள் தொலைத்த மகனாம். அதோடு விடவில்லை, அந்தக் கிழவி கதாநாயகிக்கு அத்தை முறையாம். ஆக அவள் காதலித்தது அந்நியனை அல்ல, முறை மாப்பிள்ளையைத்தான். கொட்டகையே பெருமூச்சு விட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் விசில் பறந்தது. இதே கதையை ரங்கூனில் நான் இந்தியில் பார்த்திருந்தேன். கோ தெய்ன் அதற்கும் முன்னால் இங்கிலீஷில் பார்த்திருந்தார், அதில் வெள்ளைக்காரப் பெண் காதலித்த காட்டுவாசிப் பையன் ஒரு பிரபுவின் காணாமல் போன மகனாகிவிடுவான். மூன்று பாஷையிலும் மாப்பிள்ளை கடைசியில் பெண்வீட்டு ஜாதியாகிவிடுகிறான். புத்தம்புதிய கதை என்று இங்கேயும் நோட்டீஸ் போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் கிணற்றடியில் நாகம்மா குடத்தை இறக்கிவைத்துவிட்டு என்னையே பார்த்தாள். "ஒங்க ஊட்டுக்காரருக்கு இன்னா வயசு?" சொன்னேன். "ஒங்க அத்தை புள்ள இருந்தா அவனுக்கும் அதே வயசுதான்." அவ்வளவுதான் அவள் சொன்னது. சாயங்காலத்துக்குள் அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது. பர்மாவில் தொலைந்த பிள்ளை, பர்மாவிலிருந்து வந்த ஆள், அதே வயசு, தகப்பன் யாரென்று தெரியாதவன். முருகேசனுக்கு இடது கெண்டைக்காலில் கஞ்சி கொட்டிய தழும்பு இருந்ததாம். கோ தெய்ன் காலிலும் தழும்பு உண்டு, வலது காலில், முன்பக்கம், மில் பெல்ட் கிழித்தது. அத்தை அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இடதா வலதா, எனக்கே மறந்துபோச்சி" என்றாள். மேஸ்திரி உடனே, தண்ணியில் நிற்கிற பிள்ளைக்கு இடது வலது மாறித்தான் தெரியும் என்று ஏதோ விளக்கம் கொடுத்தார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அத்தை எல்லோர் முன்னாலும் அவர் கன்னத்தைப் பிடித்துக் கேட்டாள். "நைனா, நீ எம் புள்ளதானே? சொல்லு நைனா." அவர் என்னைப் பார்த்தார். என்ன கேட்கிறாள் என்று பர்மிய பாஷையில் கேட்டார், சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பர்மாவில் இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனாதே என்பார்களே, ஒருவர் மனம் நோகும்படி முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூசுகிற குணம். பெரியவர்கள் கேட்டதற்கு ஒருவன் பேசாமல் தலையைக் குனிந்தால் அங்கே அதற்கு இல்லை என்று அர்த்தம். கேட்டவர்களே புரிந்துகொண்டு பேச்சை மாற்றிவிடுவார்கள். இங்கே பேசாமல் தலைகுனிந்தால் சம்மதம். பெண் பார்க்க வந்த இடத்தில் இவர்கள் பார்த்துப் பழகியதெல்லாம் அதுதான். "பாவம், கூச்சப்படுறான் பாரு" என்றாள் நாகம்மா. அத்தை அவரை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டு ஊளையிட்டு அழுதாள்.

நான் சும்மா இருக்கவில்லை. இவருக்கு அம்மா இருக்கிறாள், பெயர் டோ டின், நான் அவளோடு ஒரே வீட்டில் இருந்தேன், அவள் கையால் சாப்பிட்டேன் என்று சத்தமாகவே சொன்னேன். "அவ வளத்தவளா இருப்பா" என்றார் மேஸ்திரி. பெற்றவள்தான் என்றேன். "நீ பொறக்கறதுக்கு முன்னால நடந்த கத, நீ இன்னாத்த கண்ட?" என்றார். நாகம்மா என்னை ஓரமாக இழுத்துப் போனாள். "ஒனக்கு நல்லதுதானே மே நடக்குது. வாயக் குடுத்துக் கெடுத்துக்கினா யாருக்கு பேஜாரு?" அங்கே இருந்தவர்களில் டோ டின்னைக் கண்ணால் பார்த்தவள் நான் ஒருத்திதான். ஆனால் படத்தில் கிழவி அடையாளம் சொன்னால் ஊர் நம்பும், கதாநாயகி சொல்லி யார் நம்பியிருக்கிறார்கள். தனியாக இருக்கும்போது அவரிடம் சண்டை போட்டேன். "கொஞ்ச நாளைக்குத்தானே, பாவம், சந்தோஷமாக இருக்கட்டும்" என்றார். சாகப்போகிற கிழவியா அவள், அத்தை அப்போது நாள் முழுக்கக் குனிந்து நாற்று நட்டுவிட்டு நிமிர்ந்து நடந்து வருகிறவள்.

அடுத்த முகூர்த்தத்தில் எங்களுக்கு மறுபடி கல்யாணம் நடந்தது. கிண்ணத்தில் சாப்பிட்டதெல்லாம் இங்கே கணக்கில் வரவில்லை. அம்மன் கோவில் வாசலில் மஞ்சள் கயிற்றை வைத்து, கன்னியம்மா மகன் முருகேசன் என்று சொல்லிக் கட்டவைத்தார்கள். முன்னே சப்பான்காரி என்றவர்கள் எல்லாம் வந்து அட்சதை போட்டார்கள். பந்தியில் அவரை நடுவில் உட்காரவைத்தார்கள். அடுத்த வாரமே மில்லில் வேலை கிடைத்தது. எங்களுக்கு மகள் பிறந்தபோது, அப்படியே கன்னியம்மா ஜாடை, இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும் என்றார்கள். நான் அத்தைக்கு அண்ணன் மகள், ஜாடை என் வழியாக வந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பழவேற்காட்டு மீன் வாங்கிவந்து, வாழைத்தண்டு நறுக்கி, அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். அத்தை ஓடிவந்து கரண்டியைப் பிடுங்கினாள். "ஆம்பளப் புள்ள அடுப்பாண்ட குந்தலாமா நைனா, நாலு பேரு பாத்தா இன்னா சொல்லுவாங்க." அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். பிறகு சிரிக்காமல் எழுந்தார். பிறகு அடுப்புப் பக்கம் வரவே இல்லை. ரங்கூனில் என் தமெய்னைத் துவைத்துக் கொடியில் போட்ட மனிதர், குடிக்கத் தண்ணீர் கேட்டு உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுக்கக் கற்றுக்கொண்டார். தமிழை அவர் படித்தது மில்லிலும் டெண்ட் கொட்டகையிலும்தான். வாசலில் நாலைந்து பேர் உட்கார்ந்து மில் கூலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கே ஒரு வார்த்தை சொன்னேன். "நீ சும்மா இர்டி, உள்ள போ" என்றார். உச்சரிப்பில் ஒரு பிசகு கிடையாது. அதுவரை தமிழைத் தடுக்கித் தடுக்கிப் பேசியவர் பிசிறில்லாமல் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நாகம்மா பூரித்துப்போனாள். "இப்பதான் நம்ம ஊட்டு ஆம்பள மாதிரி பேசறாரு" என்றாள். நான் உள்ளே போய்விட்டேன்.

வெளிநாட்டுப் பெண் வந்தால் தலைகுனியக் கற்றுக்கொடுக்கிறார்கள். வெளிநாட்டு ஆண் வந்தால் அவனுக்கு வேறு பாடம். இரண்டு பாடத்திலும் உள்ளே போகிறவள் ஒருத்தி இருக்கிறாள். இதையெல்லாம் யோசித்து நான் எத்தனையோ நாள் பல்லைக் கடித்திருக்கிறேன். ஆனாலும் அவரை மட்டும் குற்றவாளியாக்க எனக்கு மனம் வரவில்லை. நாடு இல்லாமல், பேர் இல்லாமல், பந்தியில் வரிசை இல்லாமல் நின்ற மனிதருக்கு ஒரே நாளில் தாயும் ஜாதியும் வேலையும் கிடைத்தால் அவர் என்ன செய்வார். முன்பெல்லாம் போல்ட் முடுக்கும்போது தனக்குள்ளே பர்மிய பாஷையில் எண்ணிக்கொள்வார். இப்போது தமிழில் எண்ணுகிறார். மில்லை விட்டுக் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனிக்குப் போகிறார். அந்தப் பக்கம் இன்னும் கம்பெனிகள் வரப்போகின்றன என்று நிலம் அளந்துகொண்டிருக்கிறார்கள். கம்பெனியில் எல்லோருக்கும் அவர் முருகேசன்தான். கோ தெய்ன் என்று ஒருவர் இருந்தார் என்பதற்கு இந்த ஜில்லாவில் நான் மட்டும்தான் மிச்சம். நான் அந்தப் பழைய பெயரில் கூப்பிட்டால் அவர் முகம் சுளிக்கிறார்.

போன மாதம் மகளுக்குத் துணி எடுக்கப் புதுவாயலுக்குப் போயிருந்தோம். பஸ் நிற்கும் இடத்தில் இருக்கும் டீக்கடையில், அவரோடு வேலை செய்கிறவர்கள் இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள், இவரும் போய் உட்கார்ந்தார். அப்போது ஒருவர் ரோட்டைக் கடந்து ஓடிவந்து இவர் தோளைப் பிடித்தார். பசண்டாங்கில் எங்கள் தெருவில் இருந்த சண்முகம். எங்களுக்கு வெகுநாள் பின்னால் வந்தவராம். பர்மிய பாஷையில் கடகடவென்று பேசினார். போன மழைக்காலத்தில் டோ டின் போய்விட்டாளாம். கடையிலேயே, எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் சாய்ந்தாளாம். பக்கத்துக் கடைக்காரர்கள் எடுத்துப்போய்க் காரியம் செய்தார்களாம். கடைசிவரை கப்பலில் வருகிறவர்களிடம் மகனைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாளாம். பெஞ்சில் இருந்தவர்களுக்குப் பாஷை புரியவில்லை. "இன்னா முருகேசா, யாரு செத்துட்டாங்களாம்?" என்று ஒருவர் கேட்டார்.

"பர்மால எங்க பக்கத்து ஊட்டு அம்மா ஒண்ணு" என்றார். கிளாஸில் இருந்த டீயைக் குடித்து முடித்தார். சண்முகம் என்னைப் பார்த்தார். நான் மகளின் துணிப் பொட்டலத்தை அணைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றேன்.

பஸ்ஸில் அவர் பின்னால் உட்கார்ந்தார், நான் முன்னால் பெண்கள் சீட்டில். ஊரில் இறங்கியதும் அவர் யாரையோ பார்க்க வேண்டும் என்று மேஸ்திரி வீட்டுப் பக்கம் நடந்தார். நான் நேரே கிணற்றடிக்குப் போய், கட்டிய புடவையோடு தண்ணீரை இழுத்து இழுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். அத்தை சத்தம் கேட்டு வெளியே வந்தாள். "இன்னாமே இந்த நேரத்துல தல முழுவற, யாரு செத்தாங்க?"

"எம் மாமியாரு" என்றேன்.

ஊர் அறிய என் மாமியார் அவள்தான், உயிரோடு எதிரே நின்றாள். என்ன பேசுகிறாய் என்று என்னை அறைந்திருக்கலாம். அறையவில்லை. யாரைச் சொல்கிறாய் என்றும் கேட்கவில்லை. கேட்காதபோதுதான் அவளுக்கு எல்லாம் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும் என்று எனக்கு விளங்கியது. கிணற்றுக் கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எப்போ?" என்றாள். போன மழையில் என்றேன். "அந்தம்மாவுக்கு வேற புள்ள?" இல்லை என்றேன். "இவன் முழுவுனானா?" நான் ஈரப் புடவையைப் பிழிந்தேன். அவள் எழுந்து, தானே தண்ணீர் இழுத்து அண்டாவை நிரப்பிவைத்தாள்.

அவர் வந்ததும் வாசலிலேயே மறித்தாள். "நைனா, போயி தல முழுவிட்டு வா."

"எதுக்கு?"

"பெத்தவ செத்தா முழுவணும் நைனா."

அவர் அண்டாவைப் பார்த்தார், ஈரப்புடவையோடு நின்ற என்னைப் பார்த்தார். "எங்கம்மா தோ உசுரோட நிக்குது. நான் எதுக்கு முழுவணும்" என்றார்.

இத்தனை வருஷமும் ஊர் சொன்னது, அத்தை சொன்னாள், அவராக வாய்விட்டு ஒருநாளும் அத்தையை அம்மா என்று சொன்னதில்லை. அத்தை அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை பொய்யையும் தாங்கியிருந்தாள். அது கிடைத்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருட்டறைக்குள் போய்விட்டாள். அன்று அவள் சாப்பிட வரவில்லை.

அவருக்குப் பசித்தது. தலையைத் துவட்டாமலே தட்டு வைத்துச் சோறு போட்டேன். பர்மாவில் சாவுக்கு யாரும் இப்படித் தலை முழுகுவதில்லை, டோ டின் பார்த்திருந்தால் சளி பிடிக்கும் என்று திட்டியிருப்பாள். குழம்பு ஊற்றக் குனிந்தபோது என் முடியிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் சோற்றில் விழுந்தது. அவர் தட்டைக் கொஞ்சம் நகர்த்திவைத்துக்கொண்டு சாப்பிட்டார்.